கேட்காத இடது காது

பொன்னுமணிக்கு இடது காது கேட்காது. போடியில் ஜீப் ஓட்டும் அவள் புருஷன் முத்துப்பாண்டி, குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று ஒருநாள் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்தது. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாள். அங்கே இருவரையும் உட்காரவைத்துப் பேசி, சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புகாரை எழுதக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டேஷனுக்குப் போனதற்கும் சேர்த்து வாங்கினாள்.

மகள் நிலாவுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு பைத் துணியோடு அவளைக் கூட்டிக்கொண்டு குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டாள். தங்குவதற்குத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அடி நின்றது, உடம்பு மட்டும் அதை நம்பவில்லை. பின்னால் யார் இருமினாலும் தோள் சுருங்கும். சுவரில் முதுகு பட்டால்தான் தூக்கம் வரும்.

தோட்டத்துக் கங்காணி வீரையா ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் அதட்டாதவர். இரண்டாவது வருஷம் ஐப்பசித் தூறலில் பொன்னுமணி குனிந்து அரிவாளால் களை அறுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஜீப் வந்துவிட்டதென்று அவர் இடதுபக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து தோளைத் தொட்டார். ஓர் ஆம்பளைக் கையைத்தான் அவள் கண்டாள். அரிவாள் திரும்பிவிட்டது. ஒரு வெட்டோடு நிற்கவில்லை, மூன்று. பக்கத்து வரிசையில் நின்ற சூர்யகலா ஓடிவந்து கட்டிப்பிடித்த பிறகுதான், கீழே கிடப்பது வீரையா என்று தெரிந்தது. தன் சேலையைக் கிழித்து அவர் கையில் கட்டியதும் பொன்னுமணிதான்.

அவர் உயிர் பிழைத்தார். வலது கை விளங்காமல் போனது. கோர்ட்டில், "நல்லா வேல பாக்குற புள்ளைங்கய்யா. எதுக்கு வெட்டுச்சுன்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கல," என்றார். அவளுக்காக வாதாடிய இலவச வக்கீல் கிருபாராணி எவ்வளவோ கேட்டும், புருஷன் பேச்சை எடுக்கக் கூசி அவள் வாயே திறக்கவில்லை. ஐந்து வருஷம் என்று தீர்ப்பானது. முத்துப்பாண்டியைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது. நிலாவை அவனிடமே ஒப்படைத்தார்கள்.

மதுரை பெண்கள் சிறைக்கு ஒருநாள் கிருபாராணி நிலாவைக் கூட்டிவந்தார். பிள்ளை மெலிந்துபோயிருந்தாள்.

"ஒங்கப்பா அடிக்கிறாராடீ?" என்று பொன்னுமணி கேட்டாள்.

"நான் எதுத்தே பேசுறதில்லம்மா," என்றாள் நிலா. "அவரு வர்றதுக்குள்ள வெரசா எல்லாச் சோலியையும் முடிச்சிருவேன்."

பொன்னுமணியும் அப்படியெல்லாம் இருந்து பார்த்தவள்தான். வக்கீல் பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க மேடம். மொத அடியிலருந்து சொல்றேன்," என்றாள். நேரம் முடிந்ததென்று காவலர் வந்து நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்டனை குறையவில்லை. ஜூன் மாதம் நிலா தேனியில் ஒரு விடுதியில் சேர்ந்தாள். பொன்னுமணி சொன்னதைக் கிருபாராணி கோர்ட்டில் கொடுக்க, தகப்பன் அந்தப் பக்கம் வரக்கூடாதென்று உத்தரவானது. வீரையாவுக்குக் கடிதம் எழுதப் பொன்னுமணி தாள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். 'அண்ணே' என்பதற்கு மேல் பேனா இன்னும் ஓடவில்லை.