ஒற்றைக்காலுக்குக் கிடைத்த மைக்

அடுத்தவனுக்குத் தைரியம் சொல்லும் உத்தியோகத்தில் முதலில் கரைவது சொல்பவனின் தைரியம்தான் என்பது, மாலை போட்டு மைக் முன்னால் நிறுத்தப்பட்ட உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

மாட்டிய கதை

போர்ட் பிளேரில் மரம் ஏற்றும் ஜெட்டியில் வேலை பார்த்தேன். ஒரு மழை நாளில் கட்டை ஒன்று உருண்டுவந்து இடது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தூத்துக்குடிக் கடலில் வளர்ந்தவன், சும்மா இருக்க முடியவில்லை. காயம் ஆறியதும் துறைமுக நீச்சல் போட்டியில் இறங்கி இரண்டாவதாக வந்தேன்.

விழாவுக்கு வந்த அதிகாரி என்னை மேடையேற்றி, மனவுறுதி பற்றிப் பேசச் சொன்னார். ஒரே கைதட்டல். போட்டோக்காரர் என்னையே சுற்றி வந்தார். முதலாவதாக வந்த பாஸ்கரன் கோப்பையோடு ஓரமாக நின்றிருந்தான். மெல்ல அருகில் வந்து சொன்னான்: "அண்ணே, ஜெயிச்சது நான்தான்னு நீங்களாவது அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாடி ஹால்

அதிலிருந்து அதிகாரி என்னை ஊர் ஊராக அனுப்பினார். முதலில் போர்ட் பிளேரிலேயே, மரைன் ஹில்லில் ஓர் ஆபீஸ். குமாஸ்தாக்களுக்குத் தலைமைப் பண்பு பற்றிப் பேச வேண்டும். ஹால் மாடியில் இருந்தது. மழையில் படியெல்லாம் வழுக்கல். கீழே வராந்தாவிலேயே பேசுகிறேனே என்று கேட்டேன்.

அதிகாரி என் தோளில் கைபோட்டார். "சேவியர், நீங்க கக்கத்துக் கட்டையை ஊன்றி ஏறி வர்றதை அவங்க பார்க்கணும். பாதி லெக்சர் அதுலயே முடிஞ்சிடும்."

கேம்பல் பே

தெற்கே தொலைதூரத் தீவு ஒன்றில், மாஜி ராணுவத்தினர் குடும்பங்களோடு வந்து காட்டை வெட்டிக் குடியேறிய இடம். கப்பலில் அரிசி வரும் என்று காத்திருந்தார்கள். நான் வந்து இறங்கினேன்.

மனம் தளரக் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளாசினேன். முன்வரிசையில் நம் ராமநாதபுரத்து சுபேதார் ஒருவர். சண்டையில் இரண்டு விரல்களை இழந்தவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். சந்தேகம் ஏதாவது உண்டா என்றேன். எழுந்து நின்றார்.

"தைரியத்துக்கு இங்க குறைச்சல் இல்லை தம்பி. ராஷன் கப்பல் எப்ப வரும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

மறுபடி தண்ணீர்

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். அதிகாரி கூப்பிட்டுவிட்டார். "நீங்க பேசினா போதும். தோத்துட்டா அப்புறம் உங்க பேச்சை யார் கேப்பா?"

வீட்டில் வந்து சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்த என் மனைவி பிலோமினா நிமிரவே இல்லை. "பேசிப் பேசித் தோள் ரெண்டும் சூம்பிப் போச்சு. போய் நீந்திட்டு வாங்க" என்றாள்.

நீந்தினேன். பாதித் தூரத்திலேயே கை கடுத்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். என் காலைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்காகவே மூச்சு வாங்கியது. கடைசிக்கு முந்தியவனாகக் கரையேறியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் பேச்சையும் நிகழ்ச்சியில் சேர்த்திருந்த அதிகாரி, இழவு வீட்டுக்கு வந்தவர் போல நின்றிருந்தார். "இனி உங்களைக் காட்டி ஜனங்களுக்கு நான் என்ன சொல்றது, சேவியர்?"

அதன்பின் என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஆக, மேடையிலிருந்து கௌரவமாக இறங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஊர் பார்க்கத் தோற்பதுதான்.