இஞ்சிச் சோடாவுக்குத் தனி ரெகுலேற்றர்

ஜெயம் அண்ணை இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் உல்ரிச், அண்ணையின் அடுத்த வீட்டு ஜேர்மன்காரர். நான் வேலைக்குப் போவதற்காக ஹம் நகர ரயில் நிலையத்தில் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். இதயம். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது" என்று தொலைபேசியில் ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை. வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் வட்ஸப் குழுவில் அறிவித்தல் விழுந்தது. கூப்பிய கைகள், ஒரு விளக்கு, கீழே: "எமது மதிப்புக்குரிய ஆசிரியர் ஜெயரத்தினம் அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு."

அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கிழமை நாட்களில் அவர் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில், ஜேர்மன் பள்ளிக்கூடம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த அறையில் தமிழ் படிப்பித்தார். பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். அவருடைய வகுப்பில் எப்போதும் சத்தம். ஒருமுறை பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். "பிள்ளையள் பிழையாக் கதைக்கட்டும், ரஞ்சி. கதைக்காமல் இருக்கிறதுதான் பிழை" என்றார். சனிக்கிழமை நித்திரை குழம்புகிறது என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் அந்த அறைக்குள் ஓடிப்போனதை நான் கண்டிருக்கிறேன்.

அவரும் உல்ரிச்சும் சேர்ந்து கராஜில் பியர் வடிப்பார்கள். அதை அவர் யாருக்கும் ஒளித்ததில்லை. மனைவி சாந்தி அக்கா முதலில் முகம் சுளித்தா. பிறகு, மனுசன் வெளியில் திரியாமல் வீட்டோடு நிற்கிறாரே என்று விட்டுவிட்டா. போத்தல்களைக் கழுவிக் கழுவி அலுத்துப்போய், ஒரு வசந்தகாலத்தில் இரண்டு பேரும் பழைய குளிர்சாதனப்பெட்டி ஒன்றை வாங்கினார்கள். அதற்குள் இரண்டு உருக்குப் பீப்பாய்கள், கதவில் இரண்டு திருகுகுழாய்கள். நான் சோதனைத்தாள்களைக் கொடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, பீப்பாயில் இருப்பதைக் குழாய்க்குத் தள்ளும் கார்பன் டைஒக்சைட் காஸை அதற்குப் பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

சிலிண்டர் பெட்டிக்கு வெளியே நிற்கும். பக்கச் சுவரைத் துளைத்துக் குழாயை உள்ளே எடுக்க வேண்டும். சுவருக்குள் ஓடும் குளிரூட்டிக் குழாயில் ட்ரில் பட்டால் பெட்டி அதோடு சரி. அண்ணை சோளமாவை ஸ்பிரிட்டில் கரைத்து வெளிப்புறம் முழுக்கப் பூசிவிட்டு, பெட்டியை ஓடவிட்டார். உள்ளே அந்தக் குழாய் ஓடிச் சூடாகும் இடங்களில் மா முதலில் காய்ந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. கோடுகளுக்கு நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ட்ரில்லை என்னிடம் நீட்டினார்.

"நீர் துளையும். பிழைச்சால் உம்மட தலையிலை போடலாம்."

துளைத்தேன். பிழை வரவில்லை.

பிறகுதான் வாக்குவாதம் தொடங்கியது. காஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேற்றரே போதும், அதிலிருந்து கிளை பிரித்து இரண்டு பீப்பாய்க்கும் கொடுக்கலாம் என்றார் உல்ரிச். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றில் பியர், மற்றதில் பிள்ளைகளுக்கு இஞ்சிச் சோடா. சோடாவுக்கு அழுத்தம் கூட வேண்டும். அதே அழுத்தத்தைக் கொடுத்தால் பியர் முழுக்க நுரையாக வரும், குறைத்தால் சோடா சப்பென்று போய்விடும்.

"பெரியாக்கள் நுரையைக் குடிச்சாலும் பரவாயில்லை. ஆனால் ரெண்டுக்கும் ஒரே குழாய் ஏலாது. பிள்ளையள் குடிக்கிறதிலை பியர் மணம்கூடப் படக்கூடாது" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே உல்ரிச்சுக்கு ஜேர்மன் மொழியில் சொன்னார்.

சோடாவுக்கென்று தனியாக இன்னொரு ரெகுலேற்றர் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். பீப்பாயில் இருப்பது திரும்பி வராமல் தடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் வந்தது. கழற்றி, வாஷரை மாற்றி, திரும்பவும் தடவிப் பார்த்தார். "இந்தக் காஸுக்கு மணமில்லை. கசிஞ்சாலும் தெரியாது" என்று சொல்லி, கராஜ் யன்னலை மூட முடியாதபடி ஒரு கட்டையும் அடித்துவிட்டார். அவ்வளவு பயம் அவருக்கு.

அந்தக் கோடையில் பாடசாலை ஒன்றுகூடலை அவருடைய தோட்டத்தில்தான் வைத்தோம். பிள்ளைகள் ஒரு குழாயில் வரிசையாக நின்று சோடா பிடித்தார்கள். மற்றக் குழாயில் தகப்பன்மார் நின்றார்கள். நிர்வாகசபைத் தலைவர் கிளாஸை நிரப்பிக்கொண்டு, "அண்ணை, கடையிலை வாங்கிறதைவிடத் திறம்" என்று அவருடைய தோளில் தட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று கிழமை கழித்து யாரோ வட்ஸப்பில் ஒரு படத்தைச் சுற்றவிட்டார்கள். அந்தப் பெட்டி, அதன் முன்னால் கிளாஸோடு ஒரு சின்னப் பெண். சோடாக் குழாய் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. "தமிழ் படிக்க விட்டால் பியர் குடிக்கப் பழக்கிறார்" என்று கீழே எழுதியிருந்தது. நிர்வாகசபையினர் கூட்டம் கூட்டினார்கள்.

தலைவர் அன்று மிகவும் கனிவாகத்தான் பேசினார். "அந்தப் பிரிட்ஜ் ஜேர்மன்காரன்ரை, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, மாஸ்டர். விசயத்தை இதோட முடிப்பம்."

"அது நான் செய்தது. உல்ரிச் உதவிக்கு நிண்டவர். செய்ததைச் செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டு, சனிக்கிழமை பிள்ளையளின்ரை முகத்தைப் பாக்க ஏலாது."

நான் எழும்பினேன். "ரெண்டும் வேற வேற குழாய். ரெகுலேற்றரும் வேற வேற. பூட்டேக்கை நான் நிண்டனான். வந்து திறந்து பாருங்கோ" என்றேன்.

"ரீச்சர், இது ரெகுலேற்றர் பிரச்சினை இல்லை" என்றார் தலைவர்.

"அப்ப என்ன பிரச்சினை?"

அண்ணையின் தோட்டத்தில் கிளாஸ் கிளாஸாகக் குடித்தவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பாடசாலையிலிருந்து அவரை நீக்குவதற்கு அவர்களும் கை தூக்கினார்கள். நான் அடுத்த கிழமையே விலகினேன்; வட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வகுப்புக்குப் போவது போல உடுத்து, தலை வாரி இழுத்து, குசினியில் சாப்பாட்டு மேசையில் சும்மா இருந்தார். "சனி விடிஞ்சால் இப்பிடித்தான். போக ஓரிடமும் இல்லை, ஆனாலும் வெளிக்கிட்டு நிக்கிறார்" என்று சாந்தி அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னா. நான் நிர்வாகசபையைத் திட்டத் தொடங்கினேன். "விடும், ரஞ்சி" என்று மட்டும் அண்ணை சொன்னார். பெட்டியை அவர் அதற்குப் பிறகு ஓடவிடவேயில்லை.

செத்தவீட்டிலும் சனம் அவரை விடவில்லை. "குடிச்சு ஈரல் பழுதோ?" என்று இரண்டு பேர் என்னிடம் காதோடு கேட்டார்கள். இதயம் என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்தான். தகனசாலை மண்டபத்தில் தலைவர் பாடசாலையின் பெயர் போட்ட மலர்வளையத்தோடு வந்து, இரங்கலுரை வாசிக்க அனுமதி கேட்டார். சாந்தி அக்கா எழும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவர் இருக்கேக்கை ஒருநாள் வந்து அந்தப் பிரிட்ஜைத் திறந்து பாக்கேல்லை. இப்ப இந்தப் பெட்டியைப் பாக்க வந்தனீங்களோ? வளையத்தை வச்சிட்டுப் போங்கோ. வாசிக்க வேண்டாம்."

அவர் வைத்துவிட்டுப் போனார். இப்போது ஜெயரத்தினம் ஆசிரியர் பெயரில் ஒரு பரிசு கொடுக்கப்போகிறார்களாம். ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி, பழைய கதைகளைக் கிளறாமல் நல்லதாக எழுதும்படி, என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது இதுதான். போடமாட்டார்கள் என்று தெரியும்.

ஜெயம் அண்ணை ஒருவர்மீதும் கோபப்படாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல அவர்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. அவருக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய அந்தக் கோபத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதை விடச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.