பலாப்பழத்துக்குப் பக்கத்து சீட்டு

வலி முதலில் இடது கணுக்காலில் மட்டும் இருந்தது. விழுந்து முறிந்த எலும்பு கூடிய பிறகும் போகவில்லை. முழங்காலுக்கு ஏறி, மறு வருடம் இடது கைக்கும் வந்து சேர்ந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது, பரவக்கூடியது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் நாமக்கல் மருத்துவர். சட்டை உரசினாலே தீப்பட்டதுபோல் எரியும். தாலுகா அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் எந்தக் கோப்பும் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

மாதந்தோறும் மருத்துவரிடம் போக, மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரில் பஸ் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பக்கத்து ஆள் என் கைமேல் சாய்வார். பஸ் பயணம் முடியாது என்றால் மகள் என்னைக் கீழே தான் இருக்கும் சேந்தமங்கலத்துக்கே கூட்டிப்போய்விடுவாள். எனக்கு மலையை விட மனமில்லை.

விதி தெரிந்தவன் ஆயிற்றே. ஒதுக்கீட்டு இருக்கை பற்றிய விதியை ஒருநாள் கண்டக்டரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார்.

எங்கள் மலையிலேயே குண்டூர் நாடு என்ற பகுதியிலிருந்து சந்தைக்குப் பழம் கொண்டுபோகும் அம்மா ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கைக்கு என்னங்க?"

"நரம்பு வலிங்க. தொட்டால் தாங்காது."

அவர் ஒரு பெரிய பலாப்பழத்தை எனக்குப் பக்கத்தில் வைத்தார். என் பக்கம் மட்டும் சாக்கை மடித்துச் செருகினார். அப்பால் தான் உட்கார்ந்து, பழத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அக்கா, பழத்துக்கு ஒரு சீட்டா?" என்றார் நின்றிருந்த ஒருவர்.

"அதுக்கும் டிக்கெட் போட்டாச்சு. நீ வேணா மடியில வெச்சுக்கறியா, சாமி?"

அவர் முள்ளைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு விதிப்படி கண்டக்டரும் அதை ஏற்றுக்கொண்டார். அடிவாரம் வந்த பிறகுதான், வழியெல்லாம் நான் பல்லைக் கடிக்கவில்லை என்பது உறைத்தது.

அதன்பின் அந்த அம்மா சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்தே மருத்துவரிடம் நாள் வாங்கினேன். வலி தோள்வரை வந்துவிட்டது. "கீழ வந்துருங்கப்பா" என்றாள் மகள். பலா சீசன் முடியட்டும் என்றேன்.

சீசன் முடிந்தது. போன மாதம் பஸ் ஏறியபோது அந்த அம்மா இல்லை. கண்டக்டரே ஒரு மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தார்.

"அக்காவுக்குக் காய்ச்சலுங்க. மூட்டைய உங்க பக்கத்துலயே வெக்கச் சொன்னாங்க."

"டிக்கெட் போட்டாச்சுங்களா?" என்றேன். பழக்கம் விடவில்லை.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். திரும்பும் வழியில் சேந்தமங்கலத்தில் இறங்கி, இப்போதைக்கு நான் மலையிலேயே இருக்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.