வெள்ளிக்கு ஒரு ரூபாய் எழுபத்தைந்து

1931ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில், கண்டி நகரத்தில் காசு மாற்றும் கடை ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கலியாணம் முடித்து எட்டு வருடம். அதில் கணவரோடு வாழ்ந்தது ஏழே மாதம்.

அவர் மலாயாவில் ரெயில்வே கந்தோரில் கிளார்க். போகும்போது மூன்று வருடத்தில் திரும்புவதாகச் சொன்னார். மூன்று ஐந்தானபோது கடிதத்தில் காரணம் எழுதினார். அவர் போன புதிதில் மலாயா வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், ஒன்றுக்கு நம்முடைய காசில் ஒரு ரூபாய் எழுபத்தைந்து சதம் கிடைத்ததாம். பிறகு ஒன்று ஐம்பத்தைந்துக்கு இறங்கிவிட்டதாம். இந்த விலைக்குச் சேமிப்பை மாற்றினால் ஆயிரம் வெள்ளிக்கு இருநூறு ரூபாய் நட்டம். பழைய விலை திரும்பட்டும், அடுத்த கப்பலிலேயே வருகிறேன் என்று எழுதியிருந்தார். நானும் கடதாசியில் பெருக்கிக் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றாது. வாத்தியார் புத்தி அப்படி.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன். தலதா மாளிகை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் காசு மாற்றிக் கொடுப்பார். அவரிடம் நான் ஒரு சதம்கூட மாற்றியதில்லை. ஆனாலும் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போடுவார். "நானா, இண்டைக்கு வெள்ளி என்ன விலை?" என்பேன். "ஒரு சதம் கூட, டீச்சர்" என்பார். சில கிழமை "ஒரு சதம் கொறைவு" என்பார். கூடிய நாளில் வாவிக்கரையால் மெல்ல நடந்து விடுதிக்குப் போவேன். குறைந்த நாளில் குறுக்கு வழி.

கூடிய நாட்களில் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வீட்டுப் படம் கீறுவேன். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் சின்னதாக ஒரு வீடு. கிணறு எந்தப் பக்கம், அவர் பத்திரிகை படிக்க வெளிச்சம் எந்த யன்னலால் வரும் என்றெல்லாம் தீர்மானித்து வைத்திருந்தேன். அவருடைய குரல் மட்டும் மறந்துகொண்டு வந்தது. படத்தில் முகம் இருந்தது, குரலுக்கு எங்கே போவது? அவர் வரவேண்டும், ஒருதரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று நினைத்துச் சில வேளை வகுப்பில் பாதிக் கணக்கிலேயே நின்றுவிடுவேன்.

அப்படியிருக்கத்தான் இங்கிலாந்துப் பவுண் விழுந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. உலகத்துக் காசெல்லாம் தலைகீழாகப் போகிறது என்று ஆசிரியைமார் பேசிக்கொண்டார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. தலைகீழானால் வெள்ளி ஏறத்தானே வேண்டும், அவர் வரத்தானே வேண்டும்! இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, அவரோடு குடித்தனம் நடத்துவதற்காக வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என் இடத்துக்கு வேறொரு பெண் காத்திருந்தாள். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பி வாங்க முடியாது. விலையை ஒருதரம் காதால் கேட்டுவிட்டுத் தலைமை ஆசிரியையிடம் போவோம் என்று சனிக்கிழமை காலையிலேயே கடைக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொல்லி, கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"அத உள்ள வைங்க டீச்சர். வெள்ளி ஏறல்ல. இனியும் ஏறாது."

"பவுண் விழுந்திட்டுதெல்லோ?"

"எங்கட ரூபாவும் மலாயா வெள்ளியும் ஒரே ரயில்ல கொளுவின ரெண்டு பெட்டி. எஞ்சின் லண்டன்ல இரிக்கி. எஞ்சின் கடுகண்ணாவை மலையால எறங்கினா ரெண்டு பெட்டியும் சேந்துதான் எறங்கும். நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி ஒருக்கா கவர்மெண்டு கொளுக்கிய மாத்திச்சு, வெல எறங்கினது அப்பதான்; அதுக்குப் பொறகு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல தூரம் மாறவுமில்ல, இனி மாறாது."

எத்தனை நாளாக இது தெரியும் என்று கேட்டேன். நான் வந்த முதல் நாளே தெரியுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஏன் கூட, குறைய எண்டு சொன்னனீங்கள்?" என்று கத்தினேன்.

"அதே வெலதான் எண்டு சொன்னா ஒங்கட மொகம் வாடிப் போகுது. ஒரு சதந்தானே எண்டு சொல்லிட்டேன். இன்னைக்கு வேலய விடப் போறீங்க. இனியும் பொய் சொன்னா அல்லாஹ் பொறுக்க மாட்டான்."

"அவருக்கும் இது தெரியாது, பாவம். நான் எழுதிச் சொல்லவேணும்" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி, "ஒங்கட மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேல?" என்று கேட்டார்.

"ரெயில்வேயில கணக்குப் பகுதி. லண்டனில இருந்து வாற பில்லுகளை வெள்ளிக்கு மாத்திப் பதியிற வேலை..." என்று சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நின்றுவிட்டேன். லண்டன் பவுணோடு தினமும் மாரடிக்கிற மனிதருக்கா இது தெரியாது? என் பெருக்கலும் கழித்தலும் சரி. ஆனால் அது, கணக்கு டீச்சரான நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமலிருக்க அவர் போட்டுத் தந்த கணக்கு என்பது அப்போதுதான் விளங்கியது. கடைக்காரர் எழுந்து அலுமாரியைத் திறந்து, எதையோ தேடுகிறவர்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் அழுது முடிக்கும்வரை அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

வேலையை விடவில்லை. கணவருக்கு நாலு வரி எழுதினேன்: விலை மாறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்கு முன்பே தெரியும், வருவதானால் வாருங்கள், இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். பதில் வர இரண்டு மாதமானது. அங்கே மழை என்றும் உடம்பைப் பார்த்துக்கொள் என்றும் எழுதி, ஐம்பது வெள்ளி நோட்டாக வைத்திருந்தார். வருவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெள்ளியின் விலை பற்றியும் இல்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அவர் உயிரோடு இருந்தார், வரவில்லை. அங்கே யார் இருந்தார்கள், என்ன இருந்தது என்று நான் விசாரிக்கவுமில்லை.

அன்று அந்தப் பெரியவர் வாய் திறந்திராவிட்டால் கையில் வேலையும் இல்லாமல் நின்றிருப்பேன். அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: கணவர் வரமாட்டார் என்று அன்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் இந்த வயதிலும் வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் முன்னமே நான் எழுந்துவிடுகிறேன்.