எல்லாம் சரியாக ஓடுகிற கம்ப்யூட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ப்பட்ட ஜனத்தை ஏற்றி இறக்குகிற மனுஷன், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் விஷயத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். அதே வீட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவன் நான். அதனால் அந்தக் குழப்பத்தில் பாதி என் தலையில்தான் விடிந்தது.

அத்தான் முன்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தை வைத்திருந்தார். அதிலும் போட்டதும் ஓடுகிற வகை இல்லை. திரையில் எழுத்து தெரிவதிலிருந்து ஸ்பீக்கரில் சத்தம் வருவதுவரை நாமே கட்டளை அடித்து அமைத்துக்கொள்ள வேண்டிய வகை. அவரும் அவர் மகளும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துவிடும். அதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"போன்ல புள்ள முகம் கட்டைவிரல் அளவுதான் தெரியுது. எனக்குப் பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும். நோண்டுறதையெல்லாம் மூட்டை கட்டுங்க."

மூட்டை கட்டினார். தட்டினால் வேலை செய்கிற, ஊரே வைத்திருக்கிற சிஸ்டத்துக்கு மாறினார். தினமும் சாயங்காலம் மகள் முகம் பளிச்சென்று வந்தது.

இப்போது திடீரென்று, "லினக்ஸுக்கே திரும்பிடலாமா மச்சான்?" என்று படியேறி வர ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால் ஒரு நாள், "அதுவா அப்டேட் பண்ணிக்குதுடா. நம்மள ஒரு வார்த்தை கேக்கறதில்ல" என்பார். மறுநாள் அவரே, "சே, அதெல்லாம் ஒரு காரணமா?" என்பார். திரும்புங்கள் என்றால் மகளோடு பேசுகிற வீடியோ ஓடாமல் போய்விடுமே என்று பயம். வேண்டாம் என்றால் முகம் தொங்கிவிடும். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அத்தான், இப்ப அதுல என்னதான் ஓடல?"

"எல்லாம் சரியா ஓடுதுடா. அப்புறம் எனக்கு எதுக்கு இப்படி இருக்குன்னுதான் புரியல."

எனக்கும் புரியவில்லை. அன்று சாயங்காலம் மகள் அழைத்தபோது நானும் கூட உட்கார்ந்தேன். அக்கா பேசி முடித்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேம்பா. நீங்க?"

"இனிமேதான். வேலையெல்லாம்?"

"போகுதுப்பா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சும்மா இருந்தார்கள். "சரிப்பா, வெச்சிடவா?" என்றாள். திரை அணைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு துல்லியமாகத் தெரிகிற பெண்ணிடம் பேச அவருக்கு ஒன்றுமே இல்லை. இதை நான் எப்படி அவரிடம் சொல்வது? மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வெளியே போன நேரத்தில் அவர் காரியத்தில் இறங்கினார். அப்போதும் முழுசாக முடிவு செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பாதியில் இது, பாதியில் அது, இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று திட்டம். நடுவில் எதையோ மாற்றித் தட்ட, இருந்தது மொத்தமும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. லினக்ஸ் மட்டும் வந்து உட்கார்ந்தது.

என்னைக் கீழே கூப்பிட்டு, அச்சடித்த ஒரு தாளைக் கையில் திணித்தார். "பாத்தியா, பிரிண்டர் மொத தடவையிலேயே எடுத்துக்கிச்சு!" தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து வீடியோவைப் போட்டார். திரை கும்மிருட்டு. எத்தனை முறை போட்டாலும் அதே இருட்டு.

அக்கா வந்தாள். பார்த்தாள். "எம் புள்ள எங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். "திரும்ப மாத்திடறேன்... இல்ல, இரு... தப்பு பண்ணிட்டேனோ?" என்று அவர் உளறிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"என்னப்பா, ஆளையே காணோம்?"

மென்று விழுங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"ஐயோ அப்பா, மறுபடியுமா! எனக்கே பாதி மறந்து போச்சு. சரி, ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு படிங்க."

அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். அவள் சொல்லச் சொல்ல அடித்தார்.

"அங்க ஸ்பேஸ் விட்டீங்களா?"

"விட்டேன்."

"விட்டிருக்க மாட்டீங்க. பாருங்க."

விட்டிருக்கவில்லை. கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரத்தில் அவள் தன் மேனேஜரைத் திட்டினாள். கூடத் தங்கியிருந்த பெண் காலி செய்துகொண்டு போய்விட்டாள், அறையில் தனியாக இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய திரையில் ஒரு நாளும் இதெல்லாம் வந்ததில்லை.

ஒருவழியாக வீடியோ உயிர் பெற்றது. மகள் முகம் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அத்தான்.

"இனிமேதாம்பா."

மறுபடி இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அத்தான் மௌஸை உருட்டினார். தொண்டையைச் செருமினார்.

"ஆனா... இந்தப் பிரிண்டர்தான் இன்னும் வேலை செய்ய மாட்டேங்குதும்மா."

நான் சட்டைப் பையில் கையை விட்டு வாயைத் திறந்தேன். அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"அதானே பாத்தேன்!" என்றாள் மகள். "நாளைக்குச் சீக்கிரமே கூப்பிடறேம்பா. பாத்துடலாம்."