அம்மா நுழைந்த வீடுகள்

அம்மாவுக்கு எங்களுக்குத் தெரியாத இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று நான் முடிவு செய்தபோது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் என்ற பகுதியில் குடியிருந்தோம். கடைக்குப் போகும் வழியில் அம்மாவின் நடை திடீரென்று வேகமாகும். பேச்சு நின்றுவிடும். ஏதாவது ஒரு வீட்டின் மணியை அழுத்துவாள். கதவு திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள். நான் கீரைப் பையோடு மாடிப்படியில் நிற்பேன். திரும்பி வரும்போது ஒன்றுமே நடக்காததுபோல வெண்டைக்காய் விலை பற்றிப் பேசுவாள்.

"யார் வீடும்மா?" என்று கேட்டால், "தெரிஞ்சவங்க" என்பாள்.

தெரிந்தவர்கள் ஏன் ஒருநாளும் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வரவில்லை? அம்மாவின் தோள்பையில் எப்போதும் ஏன் ஒரு மாற்றுப்புடவை இருக்கிறது? அப்பாவிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, அம்மாவுக்கு ஏதாவது வேலை இருக்கும் என்றார். அன்று முதல் அப்பாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் துர்கா பூஜை அஷ்டமியன்று டாக்குரியாவில் பந்தல் பார்க்க நானும் அம்மாவும் போனோம். வரிசையில் போய் நிற்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து ஒரு சந்துக்குள் இழுத்தாள். மணி, மாடி, கதவு. இம்முறை நான் படியில் நிற்கவில்லை. பின்னாலேயே நுழைந்தேன்.

அம்மா வயதுள்ள ஒரு வங்காளிப் பெண் நைட்டியோடு நின்றிருந்தாள். ஊரே புதுத்துணி உடுத்தும் நாளில் தலைகூட வாரியிருக்கவில்லை. அம்மா சொந்த வீடுபோல நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் வங்காளம் அம்மாவுடையதைவிட நன்றாக இருக்கும். எங்கம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே மிஷின்ல படுத்து எழுந்தவங்க" என்றாள் அவள்.

மிஷின் என்றால் எனக்கு மில்தான்; அம்மா எந்த மில்லிலும் வேலை பார்த்ததில்லை. பொய் என்று தெரிந்துவிட்டது.

விஷயம் எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று. கருப்பைவாயில் வந்த புற்றுநோய்க்காக அம்மாவுக்கு இடுப்பில் ரேடியேஷன் கொடுத்திருந்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் கதிர் பட்ட குடலும் மூத்திரப்பையும் பழையபடி ஆகவில்லை. அவசரம் வந்தால் அடக்க முடியாது. செக்கப்புக்குப் போன இடத்தில் பழகிய பெண்கள் சிலர் தங்கள் வீட்டுக் குளியலறைகளை ஒருவருக்கொருவர் திறந்து வைத்திருந்தார்கள். பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்பா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்று அந்தப் பெண்ணிடம் நான் நேராகவே கேட்டேன். "எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவீங்களா?"

அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "நானா? நான் இந்த வாசப்படியைத் தாண்டியே ரொம்ப நாளாச்சு."

இதுவும் பொய் என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மா வேறு புடவையில் வெளியே வந்தாள். பழையது பைக்குள் சுருட்டிக் கிடந்தது. தன் அரைகுறை வங்காளத்தில் அவளையும் பந்தலுக்குக் கூப்பிட்டாள். அவள் மறுத்தாள். அவ்வளவு கூட்டத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். பந்தலுக்குப் பக்கத்திலேயே, தெரிஞ்சவங்களில் ஒருத்தரான டீச்சர் வீடு இருக்கிறது என்றாள் அம்மா.

"அதுக்குள்ள வந்துட்டா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வந்திருக்கு. நடுரோட்டுல. வீட்டுக்கு வந்து குளிச்சேன், அழுதேன். மறுநாள் அதே ரோட்டுல காய் வாங்கப் போனேன்."

எது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் உள்ளே போனாள். வெளியே வந்தபோது சிவப்புக்கரைப் புடவை கட்டி, பொட்டு வைத்திருந்தாள். படியிறங்கும்போது அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே இருவருக்கும் நடுவில் புகுந்து நடந்தேன்.

பந்தலில் தாக் மேளம் காதைப் பிளந்தது. அம்மன் முன்னால் நின்றதும் அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். என்னிடமிருந்து அம்மாவைப் பறிக்கப் பார்த்த குற்றத்துக்குத்தான் அழுகிறாள் என்று முடிவு கட்டி, அம்மாவின் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.