பிறகு கொடுக்கலாம் என்றிருந்த பால்

இங்கிலீஷ் தெரியாமல் போனதற்காக நான் ஒரேயொரு முறைதான் அழுதிருக்கிறேன்.

எனக்கு ஒன்றோடொன்று வயிறு ஒட்டியபடி இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். வட்டக்கச்சியிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனோம். அங்கே பெரிய டொக்டர் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். படித்தவரான என் கணவர் எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். "பிரிச்சால் ரெண்டும் தப்புமாம். ஓம் எண்டு சொல்லு."

நான் ஓம் என்றேன்.

ஒப்பரேசனுக்கு முன் கடைசியாகப் பால் கொடுக்கச் சொன்னார்கள். பெரியவள் வீரிட்டு அழுததால் அவளுக்கே கொடுத்தேன். சின்னவள் சத்தமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இவளுக்கு ஒப்பரேசன் முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பெரியவள் மட்டும்தான் திரும்பி வந்தாள். என் தலைவிதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, ஒருநாள் அலுமாரியில் கிடந்த பழைய ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"அம்மா, பிரிச்சால் தங்கச்சி தப்பமாட்டாள் எண்டு அப்பாவுக்கு முதலே சொல்லியிருக்கினம்."

அழுதபடியே அவரிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஓம் எண்டிருக்கமாட்டாய். பிரிக்காமல் விட்டு ரெண்டையும் இழந்திருப்பம்" என்றார்.

சரிதான். இவள் உயிரோடு நிற்பதே அந்தப் பொய்யால்தான். ஆனாலும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால், அன்றைக்குச் சின்னவளுக்குத்தான் முதலில் பால் கொடுத்திருப்பேன்.